புகைப்பெட்டிக்கு வைத்த பொட்டு

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்று தெருப்பக்கம். இன்னொன்று பின்பக்கம், அதைப் பல வருடங்கள் மூடியே பார்த்திருக்கிறேன். அம்மா அதன் இடுக்குகளில் பழைய புடவைத் துணியைக் கிழித்துச் செருகி, மேலே நான் வேலை பார்த்த செய்தித்தாளை மாவுப்பசை தடவி ஒட்டியிருந்தார். தாள் மஞ்சளானதும் புதியது ஒட்டுவார். நான் எழுதிய செய்திகள் அந்த ஜன்னலுக்குப் பயன்பட்ட அளவு வேறெங்கும் பயன்பட்டதாக அவர் சொன்னதில்லை.

ஜன்னலுக்கு அப்பால் ஒரு சந்து. சந்துக்கு அப்பால் தகர அச்சுக் கொட்டகை. தேங்காய் எண்ணெய் டின், ஏலக்காய் டப்பா, பிஸ்கட் டின் எல்லாவற்றுக்கும் அங்கேதான் தகட்டில் படமும் பெயரும் அச்சடிப்பார்கள். அச்சடித்த தகட்டின் மேல் வார்னிஷ் பூசி, ஒரு ரயில் பெட்டி நீளத்துக்கு இருந்த சூட்டடுப்புக்குள் அனுப்புவார்கள். தகடுகள் நின்றவாக்கில் சங்கிலியில் ஊர்ந்து, ஒரு முனையில் ஈரமாகப் போய் மறுமுனையில் காய்ந்து வரும். வார்னிஷில் கலந்த தின்னர் சூட்டில் ஆவியாகிக் கூரைக்கு மேலே இருந்த குழாய் வழியாக வெளியேறும். அது கண்ணுக்குத் தெரியும் புகை அல்ல. குழாயின் வாயில் கானல் போலக் காற்று நெளியும், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் நான் எறணாகுளத்தில் ஒரு மலையாள நாளிதழில் செய்தியாளராக இருந்தேன். காலையில் படகில் போய் மாலையில் படகில் திரும்புவேன். படகுத்துறையில் இறங்கியதும் சேற்று மணம், பஜாரைக் கடக்கும்போது சுக்கும் மிளகும், எங்கள் தெருமுனையில் திரும்பியதும் தின்னர். அன்றைக்குத்தான் பெயின்ட் அடித்த அறைக்குள் நுழைந்தது போல இருக்கும். ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பெயின்ட் காய்ந்து முடிவதே இல்லை. மத்தியானத்தில் காற்று நின்றுவிட்டால் தலை வலிக்கும், கண் எரியும். அம்மாவுக்கு இருமல் தொடங்கினால் அடங்க நேரமாகும்.

அந்தச் சூட்டடுப்பை இயக்கியவர் என் அத்தான், அக்காவின் கணவர். எங்கள் வீட்டின் மறுபாதியில்தான் இருவரும் குடியிருந்தார்கள். அத்தானின் சட்டையைத் தனியாகத் துவைத்துத் தனிக்கயிற்றில் போடுவது அக்காவின் வழக்கம். அவர் சாப்பிட உட்காரும்போது அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு தெருப்பக்க ஜன்னலடிக்கு நகர்ந்துவிடுவார். அதில் கோபம் எதுவும் இல்லை. மழை வந்தால் குடை விரிப்பதைப் போலச் செய்வார்.

தெருவார் எல்லோரும் சேர்ந்து கொட்டகையின் மேல் புகார் மனு கொடுத்தபோது அம்மாவும் கையெழுத்திட்டார். அப்பா நகரசபையில் வேலை பார்த்துக் காலமானவர். எந்த மனு எங்கே போனால் நகரும் என்பது அம்மாவுக்குத் தெரியும். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கே எழுதச் சொன்னவரும் அவர்தான். ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. மற்றவர்கள் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும்.

அன்று இரவு சாப்பாட்டில் அத்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

"அத்தை, அந்த மனுவுல தமிழ்ல ஒரே ஒரு ஒப்பு கெடக்காம். முதலாளி சிரிச்சுக்கிட்டே கேட்டார், அண்ணாச்சி, இது உங்க வீட்டு ஆளான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். வேற என்ன சொல்ல?"

"பொய் பேசாத மாப்பிள்ளை. நல்லது. இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுமா?"

"வையுங்க. வேலை போயிட்டா மீன் எங்க கிடைக்கப்போவுது."

அக்கா இருவரையும் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு கேஸ் நடத்துங்க. நான் ஜட்ஜிக்குச் சாயா போடுறேன்."

சிரித்தோம். ஆனால் சில வாரங்களில் அதிகாரிகளின் உத்தரவு வந்தபோது சிரிப்பில்லை. ஆவியைக் கட்டுப்படுத்த ஏற்பாடு செய்து அளந்து காட்ட வேண்டும்; அளவு தேறவில்லையென்றால் சூட்டடுப்புக்கு முத்திரை வைக்கப்படும். சூட்டடுப்பு இல்லாமல் தகர அச்சு இல்லை. கொட்டகையில் வேலை செய்த எல்லோருக்கும் அது புரிந்தது. அத்தானுக்குக் கூடுதலாகப் புரிந்தது. அவருக்குத் தெரிந்தது அந்த ஓர் அடுப்பு மட்டும்தான். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு அதே போன்ற இன்னோர் அடுப்பு கொச்சியில் வேறெங்கும் இல்லை.

முதலாளி விசாரித்து, கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிறுவனத்தை வரவழைத்தார். வந்தவர் முப்பது வயது தாண்டாத ஒரு பெண் பொறியாளர். கொட்டகை வாசலில் இருந்த சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அன்று எனக்கு விடுமுறை, நானும் போய் நின்றேன். செய்தி சேகரிக்கப் போகவில்லை. சொந்த வீடு இரண்டு பக்கமும் இருக்கும் விஷயத்தை நான் எழுதக் கூடாது என்று ஆசிரியரிடம் சொல்லி, அதை வேறொருவருக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் கையில் இருந்தது சாம்பல் நிறப் பீங்கான் துண்டு. முகம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுர ஓட்டைகள், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நேராக ஓடின. தேன்கூடு என்று அவர் சொன்னார். சாயாக்கடைச் சேட்டன் அதைக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்துவிட்டு, "இது இடியாப்ப அச்சு" என்றார்.

"அச்சுன்னே வச்சுக்கங்க. இந்த ஓட்டைச் சுவர்ல எல்லாம் பிளாட்டினம் பூசியிருக்குதுங்க. ரொம்ப மெல்லிசு. அடுப்புல இருந்து சூடா வர்ற தின்னர் ஆவி இதுக்குள்ள போறப்போ அந்தப் பூச்சு மேல படும். பட்டா, தீயே இல்லாம எரிஞ்சு போயிரும். அந்தப் பக்கம் வர்றது நீராவியும், நாம மூச்சு விடற காத்தும்தானுங்க."

"வடிகட்டி மாதிரியா?" என்று அத்தான் கேட்டார். "அழுக்கு நிறைஞ்சா எடுத்துக் கழுவணுமா?"

"வடிகட்டி இல்லீங்கண்ணா. இதுல எதுவும் தங்காது. பூச்சும் கரையாது. ஆவியைத் தொட்டு மாத்தி அனுப்பிட்டு, அடுத்ததுக்கு ரெடியா நிக்கும்."

"பிளாட்டினம் அல்லே" என்றார் சேட்டன். "நம்ம வீட்டுக்காரிக்கு ஒரு வளையல் தேறுமா?"

"சுரண்டிப் பாருங்க. சுண்ணாம்புப் பொடி மாதிரிதான் வரும். வளையல் போட்டா ஒரு நாள் நிக்காது."

குழாய் வழியில் வைக்க வேண்டிய பெட்டி இடக்கொச்சியில் தயாரானது. அங்கே காயலோரம் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. வெல்டிங்கில் கை சுத்தம் என்று பெயர். கோயம்புத்தூரிலிருந்து வந்த வரைபடத்தைப் பார்த்து எவர்சில்வர் தகட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி செய்து லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அதற்குள் தேன்கூட்டுக் கட்டிகளைச் சுவர் போல அடுக்க வேண்டும். கட்டிகள் பின்னால் பார்சலில் வந்தன. வந்தது ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்.

அந்தக் கொட்டகையில் ஆயுத பூஜை பெரிய காரியம். முதலாளி வேறு ஊர், வேறு வழிபாடு. ஆனாலும் அன்று வருவார். மூட்டை தூக்கும் முஸ்லிம் இக்காமார் பூ வாங்கித் தருவார்கள். பூஜையை நடத்துவது எப்போதும் அத்தான். ஸ்பானர், திருப்புளி, மை உருளை, தகடு வெட்டும் கத்தி எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டு வாழையிலையில் வரிசையாக இருக்கும். கொட்டகைக்குள் இருக்கிற எந்தப் பொருளும் பொட்டில்லாமல் விடப்படாது என்பது அங்கே விதி. ஒரு வருடம் தராசுக்கு வைக்க மறந்து, அதற்குப் பிறகு வந்த எல்லாச் சண்டைக்கும் அந்தத் தராசுதான் காரணமானது.

ஆகவே கட்டிகள் வந்த மரப்பெட்டியையும் திறந்தார்கள். உள்ளே கட்டிகளுக்கு நடுவே பஞ்சு போல வெள்ளையாகத் தடித்த கயிறு சுருள் சுருளாக இருந்தது. கண்ணாடிச் சாமானுக்கு வைக்கோல் வைத்து அனுப்புவதைப் போல, உடையாமல் இருக்க வைத்தது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கயிற்றை அள்ளி வாசலில் போட்டார்கள். கட்டிகளை அடுக்கி, அத்தான் ஒவ்வொன்றின் முகத்திலும் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். பொரியும் சர்க்கரையும் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "புது ஆயுதம் ஒழுங்கா வேலை செய்யட்டும்" என்றார். மனுவில் கையெழுத்துப் போட்டவரின் உண்மையான வேண்டுதல் அது.

விஜயதசமி கழிந்து பொறியாளர் வந்தார். கட்டிகளைப் பார்த்தார்.

"பொட்டு யாருங்க வச்சது?"

"நான்தான் மேடம்" என்றார் அத்தான், பாராட்டை எதிர்பார்த்த குரலில்.

"குங்குமம் எங்க வாங்கினீங்க?"

"அம்பலத்து வாசல்ல. என்ன மேடம்?"

அவர் ஒரு கட்டியைத் திருப்பிப் பார்த்தார். "சில குங்குமத்துல ஈயம் கலந்த சாயம் இருக்குங்கண்ணா. இந்தப் பூச்சுக்கு ஈயம் விஷம். பூச்சு மேல படிஞ்சா அப்புறம் அது எழுந்திரிக்காது."

"நெத்தியில வைக்கிறது விஷமா?"

"நெத்தி தாங்கும். இது தாங்காதுங்க."

அத்தானின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பொறியாளர் அதட்டவில்லை. காற்றழுத்தக் குழாயைக் கொண்டுவரச் சொல்லி, பொட்டுகளை ஊதியும் துடைத்தும் எடுத்தார். தூள் போய்விட்டது, கறை போகவில்லை. ஓட்டைகளின் விளிம்பில் சிவப்பாக நின்றது. "பார்க்கலாங்க. எல்லாக் கட்டியிலயும் ஒரு ஓரத்துல தானே. ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். அவருக்கு ஆலுவாவில் இன்னொரு ஆலையில் இதே போன்ற வேலை நடந்துகொண்டிருந்தது. கட்டிகளைப் பெட்டிக்குள் அடுக்கி மூடி வைக்குமாறு இடக்கொச்சிக்காரர்களிடம் சொல்லிவிட்டு ஆலுவா பஸ் ஏறினார்.

அடுப்பை ஓட்டிப் பார்க்கும் நாளில் காலையிலேயே சந்தில் கூட்டம். அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரும்பி வந்திருந்த பொறியாளர் சூடு ஏறும் முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதலில் தொண்டு, அதாவது தேங்காய் உரித்த மட்டை, எரியும் மணம் வந்தது. கொச்சியில் அந்த மணத்துக்கு யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். வெந்நீர் போடுவதும் கொசு விரட்டுவதும் தொண்டு எரித்துத்தான். அது அடங்கியது. பிறகு தகடுகள் ஊர ஆரம்பித்தன. தின்னர் மணம் வந்தது. முன்னைவிடக் குறைவு என்று சிலர் சொன்னார்கள். அம்மா எழுந்து நாற்காலியை உள்ளே எடுத்துப் போனார்.

பொறியாளர் குழாயில் கருவியை நுழைத்து அளந்தார். பாதி ஆவிகூட மாறவில்லை. அதிகாரிகள் வரும் நாள் அந்த வாரத்திலேயே இருந்தது.

யாரும் அத்தானைக் குற்றம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாயாக்கடைச் சேட்டன்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணாச்சி, நெத்தியில வைக்கேண்டதை அடுப்புல வெச்சா இதானே வரும். பகவதி ஏத்துக்கிட்டாச்சு கேட்டோ. இனி அவள் இறங்கி வந்து வேலை செய்யணும்."

"சாயாவை ஆத்துங்க சேட்டா."

"ஆறாது. நம்ம வெந்நீர்ச் சமோவர் இப்போ பழைய சமோவர் இல்ல. காலையில போட்டது சாயங்காலமும் நாக்கைப் பொள்ளும்."

அத்தான் குடிக்காமல் கிளாஸை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றும் மறுநாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா வைத்ததைக் கிளறிவிட்டு எழுந்தார். மறுநாள் மாலை நான் திரும்பியபோது, முதலாளியிடம் போய்த் தன்னால்தான் கட்டிகள் கெட்டன என்று சொல்லிவிடப் போவதாக அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். புதிய கட்டிகள் வரும்வரை தவணை கேட்க முதலாளிக்கு ஒரு காரணமாவது கிடைக்கும், கொட்டகையில் மற்றவர்களுக்காவது வேலை இருக்கும் என்பது அவர் கணக்கு.

"சொல்லிட்டு?" என்றாள் அக்கா.

"சொல்லிட்டு வந்துடுவேன்."

"வந்துட்டு?"

அவர் கயிற்றிலிருந்த சட்டையை எடுத்தார்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு அடுப்பு பத்தவெச்சப்போ எதுக்கு தொண்டு எரிச்சீங்க?"

"நாங்க எரிக்கலை அத்தை. டீசல் அடுப்பு அது. அக்கம்பக்கத்துல யாராவது வெந்நீர் போட்டிருப்பாங்க."

"யாரும் போடலை. நான் வாசல்லதானே உக்காந்திருந்தேன். எந்த வீட்டுப் பக்கமும் புகை இல்லை. உங்க குழாயில இருந்துதான் மணம் வந்துச்சு. இத்தனை வருஷம் அந்தக் குழாயை மணந்துக்கிட்டே இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"கம்பெனியில தொண்டு எங்க இருக்கு?" என்று அத்தான் அலுப்போடு சொன்னார். சொல்லிவிட்டு, அப்படியே நிறுத்தினார். தொண்டு இல்லை. தொண்டிலிருந்து எடுக்கும் நார் இருந்தது. இடக்கொச்சிக்காரர்கள் வேலைக்கு வந்த அன்று சைக்கிளின் பின்னால் ஒரு கட்டுத் தேங்காய் நாரும் வந்ததை அவர் பார்த்திருந்தார். படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே தேங்காய் நாரைத் திணித்து உளியால் தட்டி இறுக்குவார்கள். இடைவெளி என்று ஒன்று கண்ணில் பட்டால் அவர்கள் கை நாரைத் தேடும்.

அத்தான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். பொறியாளர் கொட்டகை அலுவலறையில் இருந்தார். தொண்டு மணத்தைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"கட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல எதை வச்சு அடைச்சாங்க?"

"எனக்குத் தெரியாது மேடம். நாரா இருக்குமோன்னு சந்தேகம்."

"பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க."

அடுப்பு அன்று ஓடவில்லை, பெட்டி ஆறியிருந்தது. மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். கட்டிகள் சுவராக நின்றன. சுவரைச் சுற்றி நான்கு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. இடைவெளியில் கருத்த சாம்பல். ஊதினால் பறந்தது. நார் முதல் சூட்டிலேயே எரிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆவி நுண்ணிய ஓட்டைகளுக்குள் நுழையச் சிரமப்படாமல், விலகிக் கிடந்த இந்த வழியில் சுலபமாகப் போயிருந்தது. பூச்சு கட்டியில் இருந்தது. ஆவி அதைத் தொடவே இல்லை.

பொறியாளர் மூடியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். நான் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"வெள்ளையா ஒரு கயிறு வந்திருக்குமே, பெட்டிக்குள்ள? சூட்டைத் தாங்கற கயிறு. அதை வச்சு அடைக்கணுங்க. நான் சொல்லாமப் போனது என் தப்பு. வரைபடத்துல இருக்குன்னு நினைச்சுட்டேன். அது எங்கீங்க?"

எல்லோரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள்.

சாயாக்கடையில் சமோவர் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பித்தளை வயிறு முழுக்க, கழுத்து வரைக்கும், வெள்ளைக் கயிறு நெருக்கமாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. பாலும் சாயாவும் வழிந்து பாதி பழுப்பாகியிருந்தது. குளிருக்கு மப்ளர் கட்டிய ஆளைப் போல நின்றது.

"சேட்டா," என்றார் அத்தான், "இந்தப் பழைய சமோவர் எப்போ புது சமோவர் ஆச்சு?"

சேட்டன் எங்களையும் சமோவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெளிய கெடந்தது. எடுத்தேன். விறகு பாதிதான் ஆவுது. எந்தா, வேணுமா? இப்போ அவிழ்த்தா சாயா ஆறும்."

"பகவதி ஏத்துக்கிட்டதை யாரு அவிழ்ப்பா?" என்றார் அத்தான்.

பொறியாளர் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது இனி ஆகாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் அதன் நார்த்துகள் மூச்சில் போகக் கூடாது, மேலே ஏதாவது தகடு சுற்றுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். கொட்டகையில் தவறாக அச்சான தகட்டுக்குப் பஞ்சமில்லை. அடுத்த வாரம் முதல் அந்தச் சமோவரைச் சுற்றி ஒரு தேங்காய் எண்ணெய் விளம்பரத்துப் பெண் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கயிறு ஆலுவாவில் உபரியாக இருந்தது. மறுநாள் காலையில் அவரே போய்க் கொண்டுவந்தார். இடக்கொச்சிக்காரர்கள் வந்தார்கள். முகத்தில் சங்கடம் எதுவும் இல்லை. நார் வைத்தால் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது, அது உத்தரவாதம் என்றார்கள். உண்மைதான், அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் ஒரு சொட்டும் வரவில்லை. படகுக்கு நார் திணிக்கும் அதே உளியால், அதே தட்டலில், வெள்ளைக் கயிற்றைத் திணித்து இறுக்கினார்கள். அந்த வேலையை அவர்களைவிட நன்றாக யாரும் செய்திருக்க முடியாது என்று பொறியாளர் சொன்னார். விரல் நுழைந்த இடத்தில் இப்போது கத்தி நுனி நுழையவில்லை.

அன்று மாலையே மறுபடி ஓட்டினார்கள். அத்தான் சந்துக்கு வரவில்லை, அடுப்பின் அருகிலேயே நின்றார். பூச்சு கெட்டிருந்தால் இந்த அடைப்பால் ஒரு பயனும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். பொட்டு விஷயம் இன்னும் தீரவில்லை.

நான் சந்தில் அம்மாவுடன் நின்றேன். தகடுகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. சங்கிலியின் சத்தம் கேட்டது. குழாயின் வாயில் காற்று நெளிந்தது. காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மணம்தான் முதலில் வந்தது. பிறகு பஜார்ப் பக்கமிருந்து சுக்கு. அம்மா மூக்கை உறிஞ்சி, இன்னொரு தரம் உறிஞ்சிப் பார்த்தார்.

"நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஓடுதும்மா. சத்தம் கேக்கலையா?"

அவர் வீட்டுக்குள் போனார். உள்ளேயிருந்து தாள் கிழியும் சத்தம் வந்தது.

அதிகாரிகள் வந்தார்கள். ஏணி வைத்து ஏறி அளந்தார்கள். அளவு தேறியது, நன்றாகவே தேறியது என்று முதலாளி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். அத்தான் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி, வழக்கமான தனிக்கயிற்றில் போடப் போனார். அக்கா அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். கொட்டகைக்குள் கொஞ்சம் மணம் இருக்கத்தான் செய்யும். சட்டையில் அது இருந்தது. ஆனாலும் அவள் அதை மற்றத் துணிகளோடு சேர்த்தே போட்டாள். அன்று இரவு அவர் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு நகரவில்லை.

பின்பக்க ஜன்னல் அதற்குப் பிறகு மூடப்படவில்லை. கீல் துருப்பிடித்து, திறக்கும்போது முனகும். எண்ணெய் போடலாம் என்றேன், வேண்டாம், திறந்திருப்பது தெரியட்டும் என்றார் அம்மா. அடுத்த ஆயுத பூஜையில் அத்தான் பெட்டியின் வெளித்தகட்டில், எவர்சில்வர் மேல், தள்ளி ஒரே ஒரு பொட்டு வைத்தார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் அங்கேதான்.

ஆனால் ஒரு சந்தேகம் அவரை விடவில்லை. மழைக்காலத்தில் எப்போதாவது லேசாக மணம் வந்தால், சூடு ஏறவில்லை என்று மற்றவர்கள் சொல்லும்போது அவர் மட்டும் பேசாமல் இருப்பார். பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது, அந்தக் கறை பரவிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார் என்பது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்துக் கட்டிகளை மாற்றும் காலம் வந்தது. அதே பொறியாளர் வந்தார், கண்ணாடி போட்டிருந்தார். பெட்டியைத் திறந்து பழைய கட்டிகளை வெளியே எடுத்து வைத்தார்கள். அத்தான் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பினார். முகத்தின் ஓரத்தில், விரல் நுனி அளவுக்கு, மங்கிய பழுப்புத் தடம் ஒவ்வொன்றிலும் இருந்தது. பரவியிருக்கவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

"அண்ணா, எங்க கணக்குக்கு மேலயே உழைச்சிருக்குதுங்க" என்றார் பொறியாளர். "உங்க பொட்டு ஒண்ணும் பண்ணலை."

அத்தான் கொஞ்ச நேரம் அந்தக் கட்டியை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு, "நிச்சயமா?" என்று கேட்டார். நிச்சயம் என்றார் அவர். பிளாட்டினத்தைப் பிரித்தெடுக்கப் பழைய கட்டிகள் திரும்பிப் போக வேண்டும். ஆனால் ஒன்றின் மூலை உடைந்திருந்தது. தடம் இருந்த அந்தத் துண்டை அவர் அத்தானிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அது இப்போதும் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது. ஓட்டைகள் ஊதுபத்திக்குச் சரியாக இருப்பதை அக்காதான் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமைகளில் ஒரு கொத்தாகச் செருகிக் கொளுத்துவாள். முதல் வெள்ளிக்கிழமை அறை முழுக்கப் புகை சூழ்ந்தபோது அம்மா இருமிக்கொண்டே வந்து பின்பக்க ஜன்னலை அகலத் திறந்துவிட்டார்.

"மாப்பிள்ளை," என்றார், "இதுக்கும் அந்தப் பெட்டி ஒண்ணு வெக்கச் சொல்லுங்க. இல்லேன்னா மனு கொடுப்பேன்."

"கொடுங்க அத்தை" என்றார் அத்தான். "ஒப்பை இந்தத் தடவையும் தமிழ்லயே போடுங்க. எனக்கு அடையாளம் தெரியும்."